முதலாளி நின்ற இடம்

சித்தாண்டியில் சில்வெஸ்டர் முதலாளியின் அரிசி ஆலைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அவருடைய முகம்தான். முருகன் கோயில் திருவிழாவுக்கு வாழ்த்துச் சொல்லி அடித்த பதாகை. அதில் முருகன் ஒரு மூலையில் கையளவு, நடுவில் முழுக்க இவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவருக்கு முருகனிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நெல் கொண்டுவருகிறவர்கள் முருகன் பக்கம். திருவிழா முடிந்தும் தன் முகத்தை எறிய மனம் வராமல், தராசு அறையின் ஜன்னலில் அதைக் கட்டிவிட்டார்.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் லொறிகளை நிறுக்கும் தராசு மேடை. உள்ளே கணினிக்கு முன்னால் தனுஷா. கரடியனாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பதாகை மறைத்ததால் வெளியே என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. ஹோர்ன் அடித்தால் லொறி ஏறிவிட்டது. லொறி இல்லாதபோது திரையில் ஏதாவது எடை தெரிந்தால் அது டயர் விட்டுப்போன சேறு, சைபர் பட்டனை அழுத்தி எடையைப் பூச்சியமாக்கிவிட வேண்டும். தராசு பூட்டிய கொழும்புக் கம்பனிக்காரர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

அறுவடை தொடங்கியதும் கணினியில் எடை பதிகிற புரோகிராம் சாகத் தொடங்கியது. ஒரே நாளில் மூன்று தடவை, பிறகு நான்கு நாள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் அதை எழுப்ப அரை மணித்தியாலம். லொறி வரிசை வீதிவரை நீளும்.

"நீ என்னத்தையோ கண்டபடி தட்டுறாய்," என்றார் முதலாளி. "இன்னும் ஒரு கிழமை பாப்பன். மறுகா நீ வரத் தேவல்ல."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

கம்பனியிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். முதலாளி அவரைத் தன் அறையில் இருத்தி, தானும் கூடவே இருந்து, வாவி நண்டும் இறாலும் ஊட்டாத குறையாக இரண்டு நாள் உபசரித்தார். அந்த இரண்டு நாளும் புரோகிராம் சாகவில்லை. 'பாவிப்பவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். தராசைவிட நண்டைத்தான் நன்றாக ஆராய்ந்திருப்பார்.

தனுஷா தன் போனைத் திரைக்கு முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்தாள். மூன்றாம் நாள் அகப்பட்டது. புரோகிராம் சாவதற்குச் சற்று முன் திரையில் தெரிந்தது, சைபருக்குக் கீழே நூற்றுப் பத்துக் கிலோ. காலி மேடையின் எடை சைபருக்கும் கீழே எப்படிப் போகும்? சைபரை அழுத்தியபோது நூற்றுப் பத்துக் கிலோ மேலே இருந்திருக்க வேண்டும், பிறகு இறங்கிப் போயிருக்க வேண்டும். சேறு இறங்கி நடக்காது.

ஒரு பிளேட்டை எடுத்துப் பதாகையில் முதலாளியின் வலது கண்ணை வெட்டினாள். அந்தக் கண் வழியே பார்த்தாள்.

மேடையின் நடுவில் முதலாளி போனும் கையுமாக நின்றார். ஆலை வளவில் கவரேஜ் கிடைக்கிற ஒரே இடம் அது. தராசு சரியில்லை என்று கம்பனிக்காரரைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. சாரதிகள் எல்லோரும் தேத்தண்ணிக்குக் கூடிய நேரம் வெளியே வந்தாள்.

"முதலாளி, ஒருக்கா மேடையில ஏறி நில்லுங்க."

நின்றார். உள்ளே போய்ச் சைபரை அழுத்தினாள்.

"இப்ப இறங்குங்க."

இறங்கினார். திரையில் சைபருக்குக் கீழே நூற்றுப் பத்து, உடனே புரோகிராம் செத்தது. கதவடியில் எட்டிப் பார்த்து நின்ற ஏறாவூர் லொறிக்காரர் பாஹிம், "முதலாளிட பாரம் மிஷினுக்கே தாங்க ஒண்ணாமப் போச்சு," என்றார். சாரதிகள் சிரித்தார்கள். தனுஷாவின் வேலைக்கு இனி ஆபத்தில்லை. அத்தனை பேர் முன்னால் பழியை அவள் தலையில் போட அவராலும் முடியாது.

அடுத்த நாள் காலை பதாகைக்கு வெளியே முதலாளியின் குரல் கேட்டது. கம்பனியோடுதான் பேச்சு.

"நான்தான் கண்டுபிடிச்சன் தம்பி. இஞ்ச இருக்கிற புள்ளைக்கு இதுகள் விளங்காது."

தனுஷா கண் வழியே பார்த்தாள். அதே இடத்தில்தான் நின்றார். திரையில் நூற்றுப் பத்து.

சைபரை அழுத்தினாள். இந்த முறை யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அவர் இறங்கும்வரை காத்திருந்தாள்.