தகரக் குழாய்க்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் புதுப் பொருளின் மேலிருக்கும் பிளாஸ்டிக் கவரை உரிப்பது பெரும்பாவம். பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் மஞ்சளாகிச் சுருண்டும் அங்கேயே இருந்தது. வண்டி சீட்டில் உட்கார்ந்தால் அதன் கவர் முனகும். உரித்த நிமிடமே பொருள் பழசாகிவிடும் என்பது அப்பாவின் கொள்கை. கிழிந்தால்கூட செல்லோடேப் ஒட்டிக் காப்பாற்றுவார். இந்தக் கொள்கை ஒரு கோடை விடுமுறையில் அத்தையின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது.

துடியலூரில் அப்பா மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை ஒருநாள் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். அத்தை கொஞ்ச நாள் இருக்க வந்திருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் மாதக்கணக்கில் நீண்டது. பெரியப்பா வந்து, சமாதானமாகப் பேசிச் சத்தியமங்கலத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம் அத்தை சமையலறையில் பாத்திரம் விளக்குவார். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்குவார். எனக்கு அத்தை போய்விடக் கூடாது. அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அத்தைக்குக் கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போடத் தெரியும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர்கள், சனிக்கிழமைக்குள் சில டிசைன்களை முடித்து அனுப்பினால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்கு மறுநாள் அத்தையை அழைத்துப்போகப் பெரியப்பா கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வேலை அமைந்தால் தங்கச்சி இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா அவரிடம் பாதிக் குரலில் சொல்லிப் பார்த்திருந்தார். தங்கையிடம் நேராக, நீ எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகக் காந்திபுரம் போய், உதிரி உதிரியாகச் சாமான் வாங்கிவந்து, அவற்றைத் தானே ஒரு கம்ப்யூட்டராகப் பூட்டினார். ஆயத்தமாக விற்பதை வாங்கினால் என்ன என்று அம்மா கேட்டார். மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்பது அப்பாவின் பதில்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது, அத்தை வேலையைத் தொடங்கும்வரை. டிசைன் பாதி வளரும்போது உள்ளே காற்றாடி ஊளையிடும், திரை பொக்கென்று அணைந்துவிடும். அப்பா மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு என்றார். அத்தை செல்போனில் எதையோ தேடிப் படித்து, தொடக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூடு எண்ணாகத் தெரியும் என்று கண்டுபிடித்தார். அது டீக்கு வைத்த தண்ணீரின் சூட்டை எட்டிக்கொண்டிருந்தது.

அப்பா சளைக்கவில்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்தார். பட்டறை புளோயரால் ஊதினார். புதுப் பெட்டியில் தூசி ஏது? என் முகத்தில்தான் காற்றடித்தது. மேற்குச் சுவர் வெயில் வாங்குகிறதென்று மேசையைக் கிழக்கே நகர்த்தினார். கடைசியில், ஜன்னலிலிருந்து பெட்டிக்குத் தகரத்தில் ஒரு குழாய் செய்து, அதில் எக்ஸாஸ்ட் காற்றாடி வைப்பதென்று முடிவெடுத்தார். இதற்கிடையில், பெட்டி ஆறும்வரை அத்தை எனக்குத் தலை பின்னினார். அந்த வாரம் என் தலை பலவிதமாக அலங்கரிக்கப்பட்டது. எனக்குக் கொண்டாட்டம். பின்னலுக்கு நடுவே அத்தை சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணியதை நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அப்பா பட்டறையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். அத்தை என்னிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிராசசர் மேல் உட்கார்ந்திருந்த காற்றாடியை, அதன் அலுமினியக் கட்டையோடு கழற்றினார். கட்டையின் அடிப்பக்கம் சூட்டை உறிஞ்ச வேண்டிய இடம். அங்கே பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதன்மேல்தான் அப்பா சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி மாட்டியிருந்தார். நம் வீட்டுக் கவர் என்று எனக்கே புரிந்தது.

அத்தை தாளை உரித்தார். துணியால் துடைத்தார். திருகாணி டப்பாவில் அப்பா பத்திரப்படுத்தியிருந்த மிச்சப் பசையைத் தடவிப் பழையபடி மாட்டினார். திரையில் எண் பாதிக்கு இறங்கி, அங்கேயே நின்றது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு. உங்கப்பன் எனக்குன்னு செஞ்சது. அதுல தப்புன்னு நான் எந்த வாயில சொல்றது? நீயும் சொல்லிப்போடாத."

சாயங்காலம் தகரக் குழாய் வந்தது. அப்பா ஜன்னல் கம்பியில் கட்டி, பெட்டியில் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். அரிசி ஆலை மாதிரி ஒரு சத்தம். கம்ப்யூட்டர் அணையவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கையின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இப்ப எப்புடி இருக்குது, அம்மணி?"

"ஆறிப்போச்சுங்ணா."

சனிக்கிழமை டிசைன்கள் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காரில் வந்தார். வேலை அமைந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அப்பா அவரைக் குழாயின் முன்னால் உட்காரவைத்து, காற்று எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று விளக்க ஆரம்பித்தார். விளக்கம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனது. மற்ற பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. பெரியப்பா சாப்பிட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் காலிக் காரோடு திரும்பினார்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் மோட்டார் பேரிங்குகளுக்கெல்லாம் கிரீஸ் மாற்றுவது அப்பாவின் வழக்கம். அந்த வருடம் கம்ப்யூட்டருக்கும் மாற்ற வேண்டுமென்று புதுப் பசை வாங்கிவந்தார். டார்ச் மறுபடி என் கையில். கட்டையைக் கழற்றித் திருப்பினார். வெறும் உலோகம். அப்பா கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"இதுல ஒரு கவரு இருந்துச்சே," என்றார், தனக்குத்தானே.

நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன். சமையலறையில் அத்தை பாடிக்கொண்டே சுண்டலுக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு புதுப் பசையைத் தடவி, மாட்டி, திருகாணிகளை இறுக்கினார். 

மறுநாள் பூஜையில் கம்ப்யூட்டருக்கும் தகரக் குழாய்க்கும் சந்தனம் பூசினார். குழாய்க்குத்தான் பெரிய குங்குமப் பொட்டு. வந்திருந்த பெரியப்பாவிடம், இந்தக் குழாய் இல்லையென்றால் எல்லாம் அன்றைக்கே வெந்து போயிருக்கும் என்று மறுபடி தொடங்கினார். ஆமாங்ணா, நீங்க இல்லீனா ஆயிருக்காது என்றார் அத்தை. அப்பா சூடத்தட்டை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"உன்ற மெசினு. நீயே காட்டு, அம்மணி."

அத்தை தகரக் குழாய்க்குச் சூடம் காட்டினார். அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவரைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்களுக்கு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டு நான் பொரியைத் தின்றேன்.