அடக்க விலை

என் மகளுடைய தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கும். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' நான் படித்த காலத்திலும் இதே கேள்விதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பட்டுப்புடவையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சீட்டுகளைத்தான். அதனாலோ என்னவோ, அந்தச் சின்ன வகுப்புக் கதைகள் எனக்கு மறக்கவே இல்லை. அவற்றின் மேல் வேறு எதுவும் வந்து படியவில்லை.

அதில் ஒரு கதை. ஒரு வணிகர் வீட்டில் இரண்டு வேலைக்காரர்கள். ஒருநாள் அவர்களுக்கு ஊசிப்போன சோறு போடுகிறார்கள். ஒருவன், "சோறு கெட்டுவிட்டது" என்று சொல்லிவிடுகிறான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடிக்கிறான். வணிகர் சாப்பிட்டவனைத் தன் கடைக்குப் பொறுப்பாளன் ஆக்குகிறார். நீதி: அடக்கம் உயர்வைத் தரும்.

வாத்தியார் இந்தக் கதையை நடத்தி முடித்ததும் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டினார். "இதோ, இவன் மாதிரி இருக்கணும்டா. வந்ததுலருந்து ஒரு தபா வாயத் தொறந்திருக்கானா?" எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார். நான் வாய் திறக்காததற்குக் காரணம் வேறு. எழுந்து நின்றால் கால் நடுங்கும். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஆனால் அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அதைப் பயம் என்று யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் ரொம்ப அடக்கம்" என்றார்கள். என்னைக் கடையில் சேர்த்துவிட்டவரும் முதலாளியிடம் அதையேதான் சொன்னார்.

கடை பெரிய காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து புடவை காட்ட வேண்டும். பேசத் தெரிந்தவர் விற்பார். பேசத் தெரியாதவன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் போட்டதை மடிப்பான். நான் சேர்ந்த நாளிலிருந்து மடிக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் விற்கப் போய்விட்டார்கள். கதையில் வந்த வணிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடையில் 'அடக்கம்' என்ற சொல்லுக்கு வேறு பொருள். ஒரு புடவை கடைக்கு வந்து சேர என்ன விலை ஆனதோ, அதுதான் அதன் அடக்கம். பேரம் கீழே கீழே இறங்கும்போது, விற்கிறவர் என் பக்கம் திரும்பி, வாங்க வந்தவர்களுக்குக் கேட்காதபடி, "அடக்கத்தத் தொட்டுட்டாங்கபா, மடிச்சிடு" என்பார். நான் மடிப்பேன். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கிடையாது. என் மகள் சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, நான் மடித்து வைத்த புடவைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தச் சொல்லை அவள் முதலில் கேட்டது அங்கேதான்.

அவள் என்னைப் போல இல்லை. பேசுவாள். வாங்க வந்த அம்மாக்களிடமே, "இந்தக் கலரு உங்களுக்கு எடுக்காது ஆன்ட்டி" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கியவள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது வாலாஜாபாத்தில் நடக்க இருந்த பேச்சுப்போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைப்பு, 'பாடநூல் காட்டும் நல்வழி'. வீட்டில் நடந்தால் பேச்சு, படுத்தால் பேச்சு என்று இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் பாடத்தில் அதே கதை வந்தது. வணிகர் போய் மேலாளர் வந்திருந்தார். வீடு போய் விடுதி வந்திருந்தது. சோறு மட்டும் மாறவில்லை. ஊசிப்போனதுதான். அவள் படித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்ப்பா, ஊசிப்போச்சுன்னா சொல்லக் கூடாதா? வயிறு இன்னாத்துக்கு ஆவும்?"

"பாடத்துல அப்டி இருக்குதும்மா."

"அவனுக்கு அப்புறம் வாந்தி வந்துச்சா இல்லையான்னு போடவே இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அந்த வயதில் இதைக் கேட்கத் தோன்றவே இல்லையே என்றும் இருந்தது.

வகுப்புத் தேர்வில், 'அடக்கம் என்றால் என்ன? கதையைக் கொண்டு விளக்குக' என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எழுதியது இது: 'அடக்கம் என்பது ஒன்றுக்கு ஆன விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இந்தக் கதையில் வருபவன் அடக்கத்துக்குக் கீழே போய்விட்டான்.'

தமிழ் டீச்சர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். பேச்சுப்போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாகச் சொல்லி, அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

"கிண்டலாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. கதைல வர்ற அடக்கம் எனக்குப் புடிக்கல. நம்ம கடை அடக்கம் புடிச்சிது. எழுதிட்டேன்." பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "நீ வந்து சொல்லுப்பா. நம்ம கடைல அப்டித்தான் சொல்லுவோம்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் போட்டிக்குப் போவணும்."

அந்த ஒரு வார்த்தையை நான் சைக்கிளில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'அவ தப்பா எழுதல மிஸ். எங்க கடையில அப்டித்தான் சொல்லுவோம்.' கோயில் தேர் நிற்கும் இடம் வரை நன்றாகவே வந்தது. பள்ளிக்கூட வாசலில் பாதி போய்விட்டது. ஆசிரியர் அறை வாசலில் கடைப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். மெத்தை போட்ட கடையில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. டீச்சர், "ஐயோ, செருப்போட வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. மகள் சுவரோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நல்லவர். பிள்ளைகளுக்காகச் சீக்கிரம் வந்து தாமதமாகப் போகிறவர் என்று மகளே சொல்லியிருக்கிறாள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

"இவ நல்லாப் பேசுறா. ஆனா வாய் கொஞ்சம் அதிகம். பாடத்தையே கேலி பண்ணினா எப்டி சார்?"

நான் வாயைத் திறந்தேன். "எங்க கடையில..." என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முகம் கனிந்து மகளிடம் திரும்பினார்.

"பாரும்மா. உங்கப்பாவப் பாரு. செருப்பக் கூட வெளிய விட்டுட்டு எப்டி நிக்கிறாரு. இதான் அடக்கம். வீட்லயே பாடம் இருக்குது, உனக்குத் தெரியல."

மகள் என்னைப் பார்த்தாள். என் கால் நடுங்குவது அவளுக்குத் தெரியும். "சாரி மிஸ்" என்றாள். நான் அங்கே நிற்பது முடிய வேண்டும் என்பதற்காகவே சொன்னாள். டீச்சர் சந்தோஷமாக அவள் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

பேச்சையும் அவரே எழுதிக் கொடுத்தார். மகள் வீட்டில் பாடம் பண்ணும்போது கேட்டேன். நல்ல தமிழ். நடுவில் ஒரு இடம் வந்தது. 'அடக்கத்திற்குச் சான்று தேடி நான் எங்கும் செல்லவில்லை. என் தந்தையே அதற்குச் சான்று.' அடுப்படியிலிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்களத்தான் சொல்றாங்க. பெரிய ஆளாயிட்டீங்க."

"அந்த வரி வேணாம்மா" என்றேன் மகளிடம்.

"மிஸ் எழுதினதுப்பா. நான் எப்டி எடுக்கிறது? நீயே மிஸ் கிட்ட சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

வாலாஜாபாத்துக்கு டீச்சர், மகள், நான் மூவரும் பஸ்ஸில் போனோம். போட்டி நடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். டீச்சர் மகளுக்குப் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தார். இதுதான் நேரம் என்று பட்டது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"மிஸ், நான் அடக்கம் கிடையாதுங்க. எனக்குப் பயம். அவ்ளோதான்."

என் வாழ்நாளில் வெளி ஆள் ஒருவரிடம் என்னைப் பற்றி நான் சொன்ன நீளமான பேச்சு அதுதான். டீச்சர் பின்னலை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? அடக்கமானவங்க யாரும் தன்ன அடக்கம்னு சொல்லிக்க மாட்டாங்க. எவ்ளோ அழகா மறுக்கிறாரு பாரு!"

ஆமாம் என்றாலும் அடக்கம், இல்லை என்றாலும் அடக்கம். பேசாமல் இருந்தாலும் அடக்கம், பேசினாலும் அடக்கம். பட்டு நூலில் விழுந்த முடிச்சு போல, எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகியது. எனக்கு வேப்பமரத்தை உதைக்க வேண்டும் போல இருந்தது. உதைக்கவில்லை. அதையும் அடக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மகள் சிரிக்கவில்லை. மேடை ஏறினாள். கணீரென்று பேசினாள். அந்த இடம் வந்தது. 'அடக்கத்திற்குச் சான்று தேடி நான் எங்கும் செல்லவில்லை' என்றாள். நிறுத்தினாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். என் பக்கத்தில் டீச்சர், 'என் தந்தையே... என் தந்தையே...' என்று வாயை அசைத்து எடுத்துக் கொடுத்தார். மகள் அதைப் பார்த்தும் சொல்லவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். நடுவர்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். பரிசு வேறு பள்ளிக்குப் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மாவும் பெண்ணும் போல டீச்சரும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ்ளோ நல்லாப் பேசிக்கினு வந்து, அந்த ஒரு வரில மறந்துட்டியே" என்றார் டீச்சர்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய் அதிகம் என்று பெயர் வாங்கியவள், ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் போலவே. அந்தக் கழுத்தை நான் பார்த்தேன். ஊசிப்போன சோறு இனி அவளுக்கும்தான் என்று நினைத்தேன்.

"அவ மறக்கல" என்றேன்.

"என்ன சார்?" பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

"அவ மறக்கல மிஸ்! எனக்குப் புடிக்கலன்னு வுட்டுட்டா!"

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், "இன்னா சார், இன்னா பிரச்சன?" என்று அங்கிருந்தே கேட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்களப் பெருமையாத்தான சார் எழுதினேன். ஏன் புடிக்கல?"

மகள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"அது அடக்கத்துக்குக் கீழ மிஸ்."

டீச்சருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் கைப்பையை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் இறங்கியதும் மகளின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். என்னிடம், "வரேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அரையாண்டுத் தேர்வில் மறுபடியும் அதே கேள்வி. விடைத்தாள் வந்தபோது வாங்கிப் பார்த்தேன். 'அடக்கம் என்பது பணிவு. அது உயர்வைத் தரும்' என்று, நோட்ஸில் இருந்தபடியே, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று'.

"ஏம்மா இப்டி எழுதின?"

"மார்க்கு வோணும்பா."

"அப்போ அன்னிக்கு எழுதினது?"

"அது அன்னிக்கு."

"அவனுக்கு வாந்தி வந்துச்சான்னு கேட்டியே. அத எழுதியிருக்கலாம் இல்ல? அந்த டீச்சர் கிட்டயே போயி..."

"சும்மா இருப்பா நீ!" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்னைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. விடைத்தாளை மடிக்காமல் அவள் முன்னால் வைத்துவிட்டு, "சும்மா இருக்க மாட்டேன்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.