என்னிடம் இருப்பது ஒரே ட்ரம்பெட்

கண்டியில் ஜாஸ் வாசித்துப் பிழைக்கிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள். வாசிப்பது ட்ரம்பெட் என்றால், பொம்பளையாச்சே என்று மேலும் கீழும் பார்ப்பார்கள். வீடு மஹய்யாவ, நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் லைனில், என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது என் வழக்கம். ட்ரம்பெட் ஊதுகிறவளுக்கு மூச்சுக்கா பஞ்சம்?

பேண்டில் நாங்கள் நாலு பேர். சாக்சபோன் வாசிப்பவர் பொலிஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற சிங்கள அண்ணன். என்னை நங்கி என்பார், சிங்களத்தில் தங்கச்சி. ட்ரம்ஸ் அடிப்பவர் தெல்தோட்டை முஸ்லிம், டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் என்னை ராத்தா என்பார். அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பியானோவுக்கு நாவலப்பிட்டியில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர். தலைமை நான். எந்தப் பாட்டு, என்ன வேகம், யார் எப்போது சும்மா இருக்கவேண்டும் என்பதெல்லாம் நான் சொல்வதுதான்.

வாவிக்கு மேலே, மலையில் இருக்கும் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் வாசித்துவந்தோம். கண்டியில் எங்களுக்கு வேறு மேடை கிடையாது. அது போனால் பேண்ட் கலைந்துவிடும் என்பது நால்வருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மற்ற நாட்களில் நான் எங்கள் மாதா கோயில் பேண்டோடு சாவு வீடுகளுக்கு ஊதப் போவேன். எங்கள் பக்கம் வேதக்காரர் செத்தாலும் சைவக்காரர் செத்தாலும் பேண்ட் இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. மயானத்துக்கு எங்கள் ரோட்டால்தான் மேலே ஏறிப் போகவேண்டும்; வழியில் ஒரு திருப்பம் உண்டு. தோள் மாற்றுவதற்காக அங்கே இரண்டு கதிரைகளைப் போட்டுப் பெட்டியை இறக்குவார்கள். அப்போது வீட்டுக்காரர் யாராவது என்னிடம் வந்து, போனவருக்குப் பிடித்த பாட்டைச் சொல்வார். சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, ஆட வைக்கிற பைலா, எதுவும் வரலாம். தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியாவிட்டால் முணுமுணுக்கச் சொல்வேன். அழுதுகொண்டே முணுமுணுப்பார்கள்; பாதி மெட்டு அழுகையிலேயே போய்விடும். மீதியை அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், நான்தான் உண்டாக்க வேண்டும். கோயில் பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. ஜாஸ் என்ற சொல் பிறகுதான் காதில் விழுந்தது. அந்த வாசிப்பை முதன்முதலில் போனில் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. இவர்களும் எங்கேயோ ஒரு திருப்பத்தில் நின்று ஊதியவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வினை ஒரு கல்யாணத்தில் வந்தது. முதல்நாள் பின்னேரம் கட்டுகஸ்தோட்டை ரோட்டில் ஒரு சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனேன். பின்னால் மாட்டிக்கொண்ட கார் ஒன்றில் கல்யாணப் பெண்ணின் அம்மா இருந்திருக்கிறார். அடுத்த நாள் அதே ஹோட்டலில், அதே ட்ரம்பெட்டோடு, அவர் மகளின் கல்யாண விருந்தில் நான் நின்றேன். பாதியிலேயே முறைப்பாடு போய்விட்டது.

மனேஜர் கொழும்பிலிருந்து புதிதாக வந்த தமிழர். கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துத்தான் பேசினார்.

"நீங்க தப்பா எடுக்க வேணாம். வாசிப்புல ஒரு குறையும் இல்ல. ஆனா சாவு வீட்டுல ஊதினதை கல்யாணத்துல ஊதினா ஆக்கள் விரும்ப மாட்டாங்க."

"தொடச்சிட்டுத்தான் கொண்டாறேன் சேர்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த வேலைய விட்டுடுங்க. இல்லாட்டி சாக்சபோன்காரரை லீடரா போட்டு நடத்திக்குவோம். சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

எனக்குக் காது மடல் சுட்டது. "விருந்துக்கு வர்ற எல்லாரும் ஒரு நாளைக்கு எங்க ரோட்டாலதான், சேர், மேல போகணும்," என்று சொல்லிவிட்டு எழும்பினேன். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

அன்று துணிக்கடையின் பின்னறையில் நால்வரும் கூடினோம். சாக்சபோன் அண்ணன்தான் தொடங்கினார்.

"நங்கி, விட்டாச்சுன்னு ஒரு பொய் சொல்லுங்க. சொல்லிட்டு போய் ஊதுங்க. யாருக்கு தெரியும்?"

"இல்லாட்டி இன்னொரு ட்ரம்பெட் வாங்குவோம் ராத்தா," என்றார் துணிக்கடைக்காரர். "அங்க ஒண்டு, இங்க ஒண்டு."

இருவரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருடியா நான், ஒளித்து ஊதுவதற்கு? ஹோட்டலில் அவர்கள் கைதட்டுகிற ஒவ்வொரு வளைவும் நெளிவும் அந்தத் திருப்பத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்கு வந்தது. அது வேண்டும், அந்த இடம் மட்டும் வேண்டாமா?

"எங்கிட்ட இருக்கிறது ஒரே ட்ரம்பெட்தான். அதை அவங்களுக்காக ரெண்டாக்க மாட்டேன்," என்றேன். அவர்கள் முன்னாலேயே மனேஜருக்குப் போன் போட்டு, முடியாது என்று சொன்னேன். பிறகு சாக்சபோன் அண்ணனிடம், "நீங்க லீடரா போங்க. நான் கோவிக்க மாட்டேன்," என்றேன். முழுப் பொய். போயிருந்தால் அவர் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் லைனில் ஒரு அம்மா இறந்துபோயிருந்தார். நகரசபையில் வேலை செய்தவர். வாவியைச் சுற்றிய ரோட்டை, அந்த ஹோட்டலுக்கு ஏறுகிற பாதை வரைக்கும், காலம் பூராவும் கூட்டியவர். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பட்டியோடு நான் முன்னால் நடந்தேன். அந்த நேரம் மற்ற மூன்று பேரும் ஹோட்டலில் சாமான்களை இறக்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு சுரத்தைக்கூட விடவில்லை.

திருப்பத்தில் பெட்டியை இறக்கினார்கள். மகள் வந்து ஒரு பைலாவைச் சொன்னாள். "அம்மா இதுக்கு ஆடுவாங்க," என்றாள்.

வழக்கம்போல மெதுவாக எடுத்தேன். இரண்டாவது அடியில் எனக்குப் பின்னாலிருந்து சாக்சபோன் சேர்ந்துகொண்டது.

திரும்பிப் பார்த்தேன். பழைய பேண்ட் உடுப்பில், பொத்தான் பூட்டாத வயிற்றோடு அண்ணன் நின்றார். துணிக்கடைக்காரர் தோளில் ட்ரம் தொங்கியது. டீச்சருக்குப் பியானோவைத் தூக்கி வர முடியாதே. கோயில் பேண்டின் ஜால்ராத் தட்டுகளைச் சட்டி மூடி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டியபோதும் பிந்தித்தான் தட்டினார்.

"டீச்சர், கணக்கு பாக்காம நடைக்கு தட்டுங்க," என்று அதட்டினேன். அழுதுவிடாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

"இவங்க எல்லாம் யாரு?" என்று கேட்டாள் மகள்.

"என் பேண்ட்," என்றேன்.

"அம்மா இப்படி மெதுவா ஆட மாட்டாங்க," என்றாள் அவள். "வேகமாத்தான்."

சவ ஊர்வலத்தில் வேகம் கூட்டுவது கிடையாது. கூட்டினேன். பெட்டியைத் தூக்கியவர்கள் முதலில் தடுமாறினார்கள், பிறகு கால் தானாகப் பிடித்துக்கொண்டது. கீழே கார்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. நாங்கள் ரோட்டின் நடுவை விட்டு நகரவில்லை.

அன்று ஹோட்டலில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்களாம். அந்த அம்மா ஏறுபாதை வரை கூட்டியிருக்கிறாரே தவிர, ஒருநாளும் உள்ளே போனதில்லை. அந்தச் சனிக்கிழமை ஹோட்டல் பேண்ட் முழுசும் அவருக்குத்தான் வாசித்தது.