ஊர் என்ற கட்டம்

பதுளையில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. முன்னால் ஆறு மேசை, பின்னால் ஒரு திரை, திரைக்கு அப்பால் எங்கள் குடும்பம். மாமி ரஹ்மத்தும்மா சமைப்பார், என் கணவர் காமில் பரிமாறுவார், நான் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குவேன். பெண்கள் சாப்பிட வந்தால் திரையைத் தாண்டிக் குசினிக்கே, மாமியின் அடுப்படிக்கே வந்துவிடுவார்கள். பெரியாயி அக்கா எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, புருஷன் பொன்னையாவோடு பஸ் ஏறி வருவார். எங்கள் கடையில் மாட்டிறைச்சியும் உண்டு என்பதால், அவர்களுக்கென்று மாமி ஒரு சட்டியும் அகப்பையும் தனியாக வைத்திருந்தார். அக்கா பலகையில் உட்கார்ந்து, இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, கோழி ஆணத்தோடு பிசைந்து சாப்பிடுவார். ஆணம் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு.

"கொழம்புன்னு சொன்னா ஒனக்கு வாயி வலிக்குமா தங்கச்சி?"

"உங்களுக்கு ஆணம்னு சொன்னா வயிறு நிறையாதா அக்கா?" என்பேன். எனக்கு வாய் நீளம். மாமி அதைச் சொல்லாத நாளில்லை.

தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றை அறை வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை நின்றுகொண்டே விழுங்கிப் பழகியவர் அக்கா. "ஒருத்தி ஆக்கிப்போட, ஒக்காந்து திங்கிற சொகமே சொகம்," என்பார்.

எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இலங்கையா இந்தியாவா என்று தோட்டத்து ஆட்கள் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. 1970 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, அக்கா மடியிலிருந்து இலங்கைக்கான விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினார்.

"ஆபீசுல கேட்டா எரிஞ்சு விழுறாங்க. நீ எழுதிக் குடு. நாங்க இங்கதான் இருக்கப்போறோம். ரெண்டு புள்ளைய இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கேன், விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் என்ற கர்வம் எனக்கு. மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, குண்டு குண்டாக எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, தொழில். அடுத்த கட்டம், ஊர்.

"ஊர் எது அக்கா?"

"மணச்சநல்லூரு." வாயில் இடியப்பத்தோடு தலையை நிமிர்த்திச் சொன்னார். எழுதினேன். மடுல்சீமைப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர் என்று நினைத்தேன். அதற்குக் கீழே, நிரந்தரமாக வாழ விரும்பும் இடம். ஊர்தானே, இதையும் ஏன் கேட்பான் என்று நினைத்து, ‘மேற்படி’ என்று போட்டேன். விண்ணப்பம் பொன்னையாவின் பெயரில்; முன்னால் மேசையில் இருந்த அவர் பெருவிரலை ஒற்றினார்.

எங்களுக்கு ஊர் என்றால் வீடு இருக்கிற இடம். தோட்டத்தில் ஊர் என்றால் பாட்டன் இந்தியாவில் புறப்பட்டு வந்த இடம்; மணச்சநல்லூர் திருச்சிப் பக்கம். மடுல்சீமையில் பிறந்து மடுல்சீமையைத் தவிர எதையும் பார்க்காதவரும் அதைத் தோட்டம் என்றுதான் சொல்வார், ஊர் என்று சொல்ல மாட்டார். இந்தச் சின்ன விஷயம் படித்த எனக்குத் தெரியவில்லை. வாய் நீண்டிருந்தது, காது நீளவில்லை.

மூன்று வருஷம் கழித்துத் தோட்டத்துக்குக் கடிதம் வந்தது; அக்கா அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு போடக்கூடாது என்றிருந்த பஞ்ச காலம். அவித்த மரவள்ளிக்கிழங்கை அக்கா முன்னால் வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். நிரந்தரமாக வாழ விரும்பும் இடம் இந்தியா என விண்ணப்பதாரரே குறிப்பிட்டிருப்பதால் நிராகரிக்கப்படுகிறது.

"என்னா எழுதியிருக்கு?"

"தள்ளிட்டாங்க அக்கா." காரணத்தை விட்டுவிட்டு, கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் தள்ளினார்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. தள்ளுவதற்குக் காரணம் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அன்றிரவே காமிலிடம் சொல்லி அழுதேன். அவர் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு நடந்தார், கொழும்புக்கு இரண்டு முறை போனார், திருத்தக் கேட்டு எழுதினார். தவணை முடிந்துவிட்டது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அந்த நாட்டுக்கும் இல்லாமல் இந்த நாட்டுக்கும் இல்லாமல் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, பொன்னையா கடைசியில் இந்தியாவுக்கே எழுதிக்கொடுத்தார். இப்போது நினைத்தாலும் அந்தப் பேனா பிடித்த கையை அடுப்பில் வைக்கத் தோன்றும்.

புறப்படும் நாள், ரயிலுக்கு முன்னால் சாப்பிட வந்தார்கள். பெட்டிகள் மேசைக்கடியில் இருந்தன. மாமி விடியலிலேயே எழுந்து கோழி சமைத்திருந்தார். அக்கா பலகையில் உட்கார்ந்து இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே தவிர, வாயில் வைக்கவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தத் தாளில…"

அவர் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்தார்.

"நீ படிச்ச புள்ள, ஒனக்குத்தான் தெரியும். அவருகிட்ட கேட்டா மொறைக்கிறாரு. மணச்சநல்லூருல தேயில இருக்கா தங்கச்சி? எனக்குக் கொழுந்து எடுக்குறதத் தவிர வேற வேல தெரியாதே."

மாமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஒரு செடிகூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

"இருக்கும் அக்கா," என்றேன்.

அதை நம்பி, அக்கா சாப்பிடத் தொடங்கினார்.