வெள்ளிக்கிழமைதோறும் கன்டெய்னர்களை அழித்தவர்

ரஹ்மத் அண்ணன் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி, பாயான் பாருவில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நான் கணினியைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. மரணச் செய்தியைப் படித்ததும் கணினியை மூடி வைத்தேன். சற்று நேரத்தில் எங்கள் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில், "நம் குடும்பத்தின் தூண் சாய்ந்தது" என்று எழுதினார். சீ! அந்தத் தூணைச் சாய்த்ததே அவர்தானே.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனியார் கிளினிக்குகளின் பதிவு வேலைகளை எங்கள் சர்வர்கள் கவனிக்கின்றன. ஒரு சர்வரைப் பல அறைகளாகத் தடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு கன்டெய்னர். அண்ணன் வருவதற்கு முன் ஆளாளுக்கு ஒரு விதமாக அறை கட்டினோம். ஒன்று படுத்துவிட்டால் அதை எப்படிக் கட்டினோம் என்று எவருக்கும் தெரியாது. அவர் வந்துதான் எல்லா அறைகளுக்கும் பொதுவான ஒரே வார்ப்பை, நாங்கள் இமேஜ் என்று சொல்வதை, ஒழுங்காகச் செய்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புமுன் எல்லாக் கன்டெய்னர்களையும் அழித்துவிட்டு, அந்த இமேஜிலிருந்து மறுபடி எழுப்புவார். முதல் தடவை பார்த்தபோது நான் அலறிவிட்டேன்.

"பயப்படாதே லா தம்பி. டேட்டா வெளியில பத்திரமா இருக்கு. அழிச்சா எழும்பணும். எழும்பலன்னா நமக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்" என்று சிரித்தார்.

மேலாளருக்கோ எல்லாம் அவசரம். இணையத்தில் எவனோ செய்து போட்டிருந்த ரெடிமேட் இமேஜை ஏற்றச் சொன்னார். அண்ணன் மறுத்தார். "யாரு சமைச்சதுன்னு தெரியாத சோத்த உங்க பிள்ளைக்கு ஊட்டுவீங்களா பாஸ்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

அண்ணன் இதயச் சிகிச்சைக்காக விடுப்பில் போனதும் மேலாளர் தாமே அதை ஏற்றினார். பக்கத்தில் இருந்த நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதற்குள் ஒளிந்திருந்த திருட்டு நிரல், நோயாளிகளின் பெயர், நோய் எல்லாவற்றையும் வெளியே கொட்டியது. வாடிக்கையாளர் கூட்டத்தில் மேலாளர் வாய் கூசாமல், "ரஹ்மத் செஞ்ச இமேஜ்" என்றார். இல்லை என்று எழுந்தேன். உட்காரச் சொல்லி அதட்டினார். அண்ணனுக்கு வேலை போயிற்று. கெட்ட பெயரோடு வீட்டில் முடங்கினார். நினைத்தாலே இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஜெலுத்தோங்கில் உள்ள அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். மேலாளர் எனக்கு முன்பே வந்து, பாலில்லாத தேநீரான தே ஓவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெரிய தப்புதான். ஆனா நாங்க எப்பவோ மன்னிச்சிட்டோம் லா" என்று அண்ணனின் மனைவியிடம் உருகிக்கொண்டிருந்தார். இவரெல்லாம் ஒரு மனிதரா?

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கூடவே வேலை பாத்தவங்க. அவுக தப்பு பண்ணாகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே போயிட்டாக."

"இல்லக்கா. அந்த இமேஜ ஏத்துனது இந்தா உக்காந்திருக்காரே, இவருதான். நான் கண்ணால பாத்தேன்."

மேலாளர் கைபேசியைத் தடவத் தொடங்கினார். அக்கா, அவர் இன்னும் வாய் வைக்காத தே ஓவை முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உங்க வீட்டுல உங்க பேரு சுத்தமா இருக்கு, அண்ணே. நிம்மதியா போயிட்டு வாங்க.