லண்டன் அம்மாள்

மகளின் அம்மைக் கொப்புளங்களில் கலமைன் மருந்து பூசினேன். அந்த வாசம் என்னை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது.

சிறுவயதில் எனக்குக் கொப்புளிப்பான் வந்தபோது, வேப்பிலை கிடைக்காமல் அம்மா கறிவேப்பிலைக் கொத்தைக் கதவில் கட்டினார். கொப்புளிப்பானாக வருவது அம்மாள் தெய்வம்; அம்மாள் வந்த வீட்டுக்குள் ஒருவரும் வரக்கூடாது. பக்கத்து வீட்டு லிண்டாவுக்கு அது தெரியுமா? இரண்டு பிள்ளைகளோடு வந்து, "இவர்களுக்கும் இப்போதே தொற்றட்டும், சின்ன வயதில் வந்துபோனால் நல்லது" என்றாள்.

"அம்மாளை ஆரும் வெத்திலை வைச்சுக் கூப்பிடுவினமோ?" என்று அம்மா பதறினார். ஆனால் காய்ச்சலில் துவண்டு கிடந்த நான் அவர்களைக் கண்டு எழுந்து சிரித்ததும் வழிவிட்டார். பிறகு அவர்களுக்கும் வந்தது. அம்மாவே மஞ்சள் தண்ணீர் வார்த்தார். மஞ்சளாய் மினுங்கிய பிள்ளைகளைப் பார்த்து லிண்டா கைதட்டிச் சிரித்தாள்.

இன்று பேத்தியைப் பார்க்க வந்த அம்மாவின் கையில் கறிவேப்பிலைக் கொத்து.

"இப்ப கடையிலை வேப்பிலை இருக்கேயம்மா?"

"வேண்டாம் பிள்ளை. லண்டன் அம்மாளுக்கு இதுதான் பழக்கம்."