மரகதத்தின் நீல டிரம்கள்

பென்னலூரில் மரகதத்தின் டிரம் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கம்பெனிகளில் ரசாயனம் தீர்ந்து வெளியே வரும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்களைப் பழைய சாமான்காரர்களிடம் மொத்தமாக வாங்கி, கழுவி, வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்க விற்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் டிரம் இல்லாத குடித்தனம் ஏது? லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

கழுவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முதலில் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாள். மண்டை ஓட்டுப் படத்தைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? பிறகு சோப்புத்தூள், புளி, தேங்காய் நார் என்று மூன்று தடவை. கழுவிய தண்ணீர் கொல்லைப்பக்கத்துக் குழியில் தேங்கும், மழை பெய்தால் ஏரிக்கால்வாய்க்குப் போகும். ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது, அவளும் கண்டுகொண்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் கண்ணெதிரே டிரம்மில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து, ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்துக் காட்டுவாள். "நானே குடிக்கிறேன், உனக்கு இன்னா பயம்?" என்பாள். அதற்கு மேல் என்ன கேரண்டி வேண்டும்? ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் குடித்திருக்கவே மாட்டாள். பாவம், தன் கைவேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.

போன தை மாதம் கலைமதி என்று ஒரு பெண் வந்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, கம்பெனி ஒன்றில் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அண்ணன் வீட்டுக்கு டிரம் வேண்டும் என்றாள். மரகதம் வழக்கம்போல டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். கலைமதி அதைப் பிடுங்கித் தரையில் ஊற்றிவிட்டாள்.

மரகதத்துக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "இன்னாமா, டிரம்மு வாங்க வந்தியா, வம்பு வளக்க வந்தியா?"

"அடியில பாருங்கக்கா, லேபிள் துண்டு ஒட்டிக்கினு இருக்கு. குரோமியம். இரும்புக்கு முலாம் பூசுற தண்ணி இதுல வந்திருக்கு. வாசனை வராது, ருசியும் தெரியாது. பிளாஸ்டிக் கீறல்ல போய் உக்காந்துக்கும். எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சங்கொஞ்சமா தண்ணியில எறங்கும். எங்க, கையைக் காட்டுங்க."

மரகதத்தின் விரல் முட்டிகளில் சின்னச் சின்னதாகக் குழிப்புண்கள் இருந்தன. சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவந்தாள். வலிக்காததால் டாக்டரிடம் போகவில்லை.

"இது சோப்பு பண்ற வேலை இல்லக்கா" என்றாள் கலைமதி. டிரம் தண்ணீரில் ஒரு பாட்டில், போர்வெல் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள். இரண்டிலும் குரோமியம் இருந்தது. போர்வெல்லில் குடிக்கவே கூடாத அளவுக்கு இருந்தது. குழிக்கும் போர்வெல்லுக்கும் இருபது அடிகூட இல்லை. மரகதத்துக்குத் தான் குடித்தது ஞாபகம் வரவில்லை, அந்த டிரம்மோடு ஒரே லோடில் வந்த டிரம்கள் ஞாபகம் வந்தன. மொத்தம் பதினாறு. கையில் இருந்தது ஒன்றுதான்.

டிரம்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குபவர் அவள் கணவர் கண்ணப்பன். எது எந்த வீட்டுக்குப் போனது என்று அவருக்கு மனப்பாடம். ஆனாலும் தயங்கினார். "வெளிய சொன்னா நாளையிலேர்ந்து கடைக்கு ஒரு ஈ காக்கா வராது, மரகதம்."

"வராட்டி போவுது. வண்டிய எடுய்யா."

இரண்டு நாள் அலைந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மரகதமே இறங்கி, "இதுல குடிக்காதீங்க, நான் தெரியாம வித்துட்டேன்" என்று சொல்லி டிரம்மைத் திருப்பி வாங்கினாள். சிலர் கண்டபடி திட்டினார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசி டிரம் ஸ்ரீபெரும்புதூர் லைன் வீடு ஒன்றில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அய்யாத்துரையின் மனைவி மாடத்தி கதவைத் திறந்தாள். ஐந்து மாத வயிறு.

"குடிக்க, சோறு பொங்க எல்லாம் இதுலதான்க்கா. பத்து நாளாச்சு. கொதிக்க வச்சுதான் குடிக்கேன்" என்றாள்.

கொதிக்க வைத்தால் போகாது என்று கலைமதி சொல்லியிருந்தாள். மரகதம் மாடத்தியை அப்போதே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை மரகதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, சீக்கிரமே நிறுத்தியது நல்லதாய்ப் போயிற்று என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தன் ரத்தத்தையும் கொடுத்தாள். அவள் சிறுநீரகம் கொஞ்சம் தொந்தரவில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருகிறாள்.

இப்போது எண்ணெயும் மாம்பழக்கூழும் வந்த டிரம்களை மட்டும் வாங்குகிறாள். லேபிளைக் கிழிப்பதில்லை. போர்வெல்லை மூடியாயிற்று. வியாபாரம் பாதிதான். ஆனாலும் மனதில் குறை கிடையாது. கலைமதியின் நட்சத்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவள் பேருக்கு அர்ச்சனை செய்கிறாள். "பெத்த தாயி ஒருதபா உசுரு குடுத்தா, அந்தப் பொண்ணு இன்னொரு தபா குடுத்துச்சு" என்று கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்வாள்.

வைகாசியில் மாடத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, குறை ஒன்றுமில்லை. மரகதம் பார்க்கப் போனாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, அத்தனை நாளாக நெஞ்சில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். "அன்னிக்கு எல்லாரும் திட்னாங்க. நீ மட்டும் ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

மாடத்தி யோசிக்கக்கூட இல்லை. "எதுக்குக்கா திட்டணும்? அதுல விஷத்த அடைச்சு வச்சிருந்தவிய, காலி டிரம்ம வெளிய தள்ளுனவிய ஒருத்தரும் எங்க வீட்டுக்கு வரலயே. கழுவுன நீங்கதான வந்து சொன்னிய."

மரகதம் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.